மொட்டை மாடிப் பராமரிப்பு

மொட்டை மாடிப் பராமரிப்பு என்பது வீட்டின் தட்டையான மேல்தளத்தை மழைநீர், வெயில், செடிவேர் ஆகியவற்றால் வரும் சேதத்திலிருந்து காக்கும் பணிகளைக் குறிக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் வடகமும் வற்றலும் காய்வது, துணி உலர்த்துவது, கோடை இரவில் பாய் விரித்துப் படுப்பது, தண்ணீர்த் தொட்டி வைப்பது எல்லாமே மொட்டை மாடியில்தான். இவ்வளவு புழங்கும் இடமாக இருந்தும், கீழே உள்கூரையில் ஈரம் தெரியும்வரை அதன் நிலையைப் பலரும் பார்ப்பதில்லை.

வடிகாலைச் சுத்தம் செய்தல், தட்டோட்டு இடுக்குகளை அடைத்தல், சிறு விரிசல்களைப் பூசுதல், சுண்ணாம்பு அடித்தல் ஆகியவை வீட்டாரே கற்றுச் செய்யக்கூடிய வேலைகள். கம்பி துருப்பிடித்த தளத்தைச் சீராக்குவதும், மேல்தளத்தை முழுதாகப் பெயர்த்துப் போடுவதும் தேர்ந்தவர்களின் வேலைகள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: மாடியில் விழும் நீர் தேங்காமல் வெளியேற வேண்டும். நீர் நிற்கும் மாடியை எந்தப் பூச்சாலும் நெடுநாள் காக்க முடியாது.

தளத்தின் அமைப்பு

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தமிழகத்து மாடி வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்னும் முறை பரவலாக இருந்தது. தேக்குச் சட்டங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த தளம் வரும்; அதற்கும் மேல் தட்டோடு பதிப்பார்கள். இன்றைய வீடுகளில் தேக்குச் சட்டமும் செங்கல் அடுக்கும் இருந்த இடத்தில் 4 முதல் 5 அங்குலக் கனமுள்ள கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இருக்கிறது. மேலே போடும் ஜல்லித் தளமும் தட்டோடும் பழைய முறையின் தொடர்ச்சி.

இந்த ஜல்லித் தளத்தைக் கட்டட வேலைக்காரர்கள் வெதரிங் கோர்ஸ் என்றும் சுர்க்கி தளம் என்றும் சொல்வார்கள். நீற்றிய சுண்ணாம்பில் செங்கல் ஜல்லியை மணல் சேர்க்காமல் கலந்து, சராசரி 3 அங்குலக் கனத்துக்குப் பரப்பி, மரக்கட்டையால் அடித்து அடித்து இறுக்குவது மரபு. அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பதுண்டு. வெயிலின் சூடு கான்கிரீட்டுக்குள் இறங்குவதை இத்தளம் குறைக்கிறது. நீர் ஓடுவதற்கு வேண்டிய வாட்டத்தையும் தருகிறது. 10 அடி நீளத்துக்கு ஒன்றரை முதல் 2 அங்குல இறக்கம் இருந்தால் வாட்டம் போதுமானது.

சேதம் உண்டாகும் விதம்

நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி, துருப்பிடிக்காமல் வைத்திருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளில் உள்ளே ஊடுருவும்போது காரம் குறைகிறது, படலம் அழிகிறது. பிறகு நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் கம்பி துருவேறும். துரு, மூல இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை கூடுதல் இடத்தை அடைக்கும். தளத்தின் அடியில் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம் பெரும்பாலும் 20 மி.மீ. அளவே. துருவின் அழுத்தத்தில் அது முதலில் கம்பியின் போக்கிலேயே கீறும். பின் உப்பி, துண்டு துண்டாக உதிரும். உள்கூரையிலிருந்து காரை விழுவது இவ்வாறுதான்.

வெயிலும் தன் பங்குக்குத் தளத்தை வருத்துகிறது. பகலில் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. கைப்பிடிச் சுவர் அதே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. ஆகவே மாடியும் சுவரும் சேரும் மூலையில் முதல் விரிசல் தோன்றும். ஒழுகும் மாடிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த மூலை. அடுத்து, வடிகுழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடமும், தொட்டியின் தாங்குசுவர் நிற்கும் இடமும்.

தேங்கும் நீரின் எடை எளிதாகக் கணிப்புக்குத் தப்பிவிடுகிறது. 1000 சதுர அடி மாடியில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நின்றால் அதன் எடை 2,300 கிலோவைத் தாண்டும். ஒரே ஒரு வடிகுழாய் வாயில் வேப்பஞ்சருகு அடைத்திருப்பது இதற்குப் போதும்.

ஆய்வு

உள்கூரையில் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் விரிசல் இருக்கும் என்று கொள்ளக் கூடாது. தட்டோட்டு இடுக்கில் இறங்கிய நீர் ஜல்லித் தளத்துக்குள் பல அடி ஊர்ந்து, கான்கிரீட்டில் ஒரு பலவீனமான இடம் கிடைத்த பிறகே கீழே சொட்டும். அதனால் ஈரம் கண்ட இடத்திலிருந்து வாட்டத்தின் மேட்டுப் பக்கமாகத் தேடிப் போக வேண்டும்.

மழை விட்ட அரை மணி நேரத்தில் மாடிக்குப் போய், நீர் நிற்கும் பள்ளங்களைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக் குறித்துவைப்பது மிகப் பயனுள்ள ஆய்வு. மாடி காயும்போது மற்ற இடங்களைவிட நெடுநேரம் கறுத்திருக்கும் கோடுகள், நீர் உள்ளே இறங்கும் இடுக்குகளைக் காட்டிக்கொடுக்கும். தட்டோடுகளைச் சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். பிடிப்புள்ள ஓடு கெட்டியாக ஒலிக்கும்; பிடிப்பு விட்ட ஓடு உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் பொள்ளலாக ஒலிக்கும்.

ஐயம் தீராவிட்டால், வடிகுழாய் வாயை அடைத்து, குறித்த பகுதியைச் சுற்றிச் சிமெண்டுக் கலவையால் பாத்தி கட்டி, 24 முதல் 48 மணி நேரம் ஓர் அங்குல நீர் நிறுத்திப் பார்ப்பது வழக்கம். காரை உதிரும் தளத்திலும், மரச்சட்டம் தாங்கும் பழைய வீட்டிலும் இச்சோதனையைச் செய்யக் கூடாது.

கருவிகளும் பொருள்களும்

கரணை, சிறு சுத்தியல், உளி, கம்பித் தூரிகை, ரசமட்டம், மட்டப்பலகை, பாண்டுச் சட்டி, தென்னந்துடைப்பம், ரப்பர் கையுறை, கண்ணாடிக் கவசம் ஆகியவை இருந்தால் பெரும்பாலான வேலைகள் நடக்கும். நீண்ட தூரத்துக்கு வாட்டம் பார்க்க, நீர் நிரப்பிய ஒளிபுகு குழாயே போதும். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்பதால், தளத்தின் இறக்கத்தை அளந்துவிடலாம்.

பொருள்களில் சிமெண்ட், சலித்த மணல், சிவப்புக்கு ரெட் ஆக்சைடு, கலவையில் சேர்க்கும் லேடெக்ஸ் திரவம், நீற்றிய சுண்ணாம்பு ஆகியவை முதன்மையானவை. லேடெக்ஸ் திரவம், பழைய பரப்புடன் புதுக் கலவை ஒட்டிக்கொள்ள உதவும்; உலர்ந்த பின் சுருக்க விரிசலையும் குறைக்கும். அதன் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால் டப்பாவில் உள்ள குறிப்பையே பின்பற்ற வேண்டும்.

செப்பனிடும் முறைகள்

வடிகால்: எல்லாப் பணிகளுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுவே. குழாய் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றிச் சருகையும் மண்ணையும் அள்ள வேண்டும். வாளி நீரை ஊற்றி அது கீழே எந்த வேகத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். குழாயின் வாய் தளத்தைவிட உயர்ந்து நின்றால், சுற்றிலும் எவ்வளவு பூசினாலும் நீர் தேங்கும். அந்த வாயைத் தாழ்த்தி, சுற்றிலும் கிண்ணம்போல் வாட்டம் கொடுத்துப் பூசுவதே வழி.

தட்டோட்டு இடுக்கு: பொரிந்த பழைய சாந்தை உளியின் ஓரத்தால் ஓட்டின் கனம் வரை கீறி எடுக்க வேண்டும். மேலாகக் கீறி மேலாகப் பூசினால் அடுத்த கோடையிலேயே பூச்சு பெயர்ந்து வரும். தூசியைக் கழுவி, இடுக்கு நனைந்தும் நீர் நில்லாமலும் இருக்கும் பதத்தில், 1 பங்கு சிமெண்டும் 3 பங்கு மணலும் ரெட் ஆக்சைடும் சேர்ந்த கலவையைக் கரணை முனையால் அழுத்தித் திணிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும் அளவே கலக்க வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி நீர் விட்டுக் குழைத்தால் அதன் வலிமை போய்விடும்.

விரிசல்: மயிரிழை விரிசல்களுக்குத் தூரிகையால் அடிக்கும் பூச்சே போதும். அகன்ற விரிசலை உளியால் ஆங்கில வி எழுத்தின் வடிவில் ஏறத்தாழ அரை அங்குல ஆழத்துக்கு வெட்டித் திறந்து, லேடெக்ஸ் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் விரிந்து மூடும் விரிசலில் சிமெண்டு நிற்காது. அங்கே இழுபடும் தன்மையுள்ள சீலண்ட் தேவை. ஒரு விரிசல் எவ்வகையைச் சேர்ந்தது என அறிய, அதன் குறுக்கே மெல்லிய சிமெண்டுப் பொட்டு ஒன்றை வைத்துத் தேதி எழுதிவிடலாம். சில மாதங்களில் பொட்டு உடைந்திருந்தால் விரிசல் அசைகிறது என்று பொருள்.

சுவர் மூலை: மாடியும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்தில் செங்கோணமாக இல்லாமல், 2 முதல் 3 அங்குல உயரத்துக்குச் சாய்வான பட்டையாகப் பூச வேண்டும். நீர் மூலையில் ஒதுங்காமல் விலகும். சுவரின் தலைப்பகுதிக்கும் மாடியை நோக்கிச் சற்றே சரிவு இருந்தால், வெளிச்சுவரில் பாசி படியும் கறை குறையும்.

செடிகள்: பறவை எச்சத்தில் வந்த அரசு, ஆல் விதைகள் சுவர் இடுக்கில் முளைக்கும். தண்டை ஒடித்தால் வேர் இன்னும் தடிக்கும். கன்றாக இருக்கும்போதே சுற்றியுள்ள சாந்தை உடைத்து வேரோடு எடுத்து, அக்குழியைக் கலவையால் திணித்து மூட வேண்டும்.

நீராற்றல்: புதிய சிமெண்டுப் பூச்சுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் வேண்டும். நனைத்த சாக்கைப் போர்த்திக் காலையும் மாலையும் நீர் தெளிப்பது எளிய வழி. கோடையில் பூச்சு வேலையைக் காலை வெயில் ஏறுமுன் முடிப்பது நல்லது.

ஈரத்தின் மேல் நீர்காப்புப் பெயிண்ட் அடிப்பது பெருகிவரும் பிழை. உள்ளே மாட்டிய நீர் வெயிலில் ஆவியாகிப் படலத்தைக் கொப்புளமாகத் தூக்கும். பரப்பு காய்ந்துவிட்டதா என அறிய, ஒளிபுகு பிளாஸ்டிக் தாளைத் தரையில் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். அடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தால் இன்னும் காய வேண்டும்.

வெப்பத் தணிப்பு

வெண்மையான பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பும். சுண்ணாம்பு அடித்த மாடி, அடிக்காத மாடியைவிடக் குறைவாகச் சூடேறுவதைக் காலால் மிதித்தே உணரலாம். கீழ் அறையிலும் அது தெரியும். நீற்றிய சுண்ணாம்பைப் பாலாகக் கரைத்து, வடிகட்டி, பசை சேர்த்து, நனைத்த தரையில் 2 அல்லது 3 மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து அது மீண்டும் சுண்ணக்கல்லாக இறுகும். மழையில் கரைந்துபோவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கும். ஆனால் செலவு சொற்பம். நீராவியையும் அது அடைத்துவைக்காது. வெள்ளை அக்ரிலிக் பூச்சுகள் நெடுநாள் நிற்கும், விலை கூடுதல்.

மழைநீரும் தோட்டமும்

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பை அரசு 2003இல் கட்டாயமாக்கியது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1400 மி.மீ. இதன்படி 1000 சதுர அடி மாடியில் ஆண்டுக்குச் சுமார் 1,30,000 லிட்டர் விழுகிறது. ஆவியாவதும் சிதறுவதும் போக ஒரு லட்சம் லிட்டரைக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ அனுப்ப முடியும். மழைக்கு முன் மாடியைப் பெருக்குவதும், தூசியோடு வரும் முதல் நீரைத் தனியே விடுவதும், குழியின் மேல் மணலை வாரி எடுத்துக் கழுவிப் போடுவதும் வீட்டார் வேலைகள்.

மாடித்தோட்டத்தில் பைகளையும் தொட்டிகளையும் தரையில் நேராக வைக்கக் கூடாது. அடியில் ஈரம் காயாது. வேர் இடுக்கைத் தேடும். செங்கல் அல்லது இரும்புத் தாங்கியில் உயர்த்தி, நீர் ஓடும் வழியை விட்டு, விட்டத்துக்கும் சுவருக்கும் மேலே வைப்பது நல்லது. 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒரு டன்னுக்கு மேல் எடை. அதுவும் சுவர்களின் மேலேயே நிற்க வேண்டும். மாடியில் கிடக்கும் டயர், உடைந்த வாளி ஆகியவற்றில் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்துவிடும். வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்து உலர்த்த வேண்டும்.

பாதுகாப்பு

கைப்பிடிச் சுவர் குறைந்தது ஒரு மீட்டர் உயரம் இருக்க வேண்டும். அதன்மேல் ஏறி நின்றோ வெளிப்பக்கம் சாய்ந்தோ வேலை செய்யக் கூடாது. பக்கத்தில் மின்கம்பி போகும் மாடியில் இரும்புக் கம்பி, அலுமினிய ஏணி ஆகியவற்றை நிமிர்த்திப் பிடிப்பது உயிருக்கு ஆபத்து. சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும். அதனால் நீற்றிய சுண்ணாம்பாகவே வாங்குவது நல்லது. கண்ணில் பட்டால் உடனே 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். ஈரச் சிமெண்டும் தோலைப் புண்ணாக்கும். உள்கூரையில் உப்பிய காரைக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. கட்டிலை அன்றே நகர்த்த வேண்டும்.

பொறியாளரை அழைக்க வேண்டிய நிலைகள்

கம்பி வெளியே தெரிதல், தளம் நடுவில் தொய்தல், விட்டத்திலோ தூணிலோ விரிசல், மெட்ராஸ் டெரஸின் மரச்சட்டத்தில் கரையான் அல்லது உளுப்பு, ஒரே விரிசல் சுவர் வழியாகக் கீழ்வரை இறங்குதல் ஆகிய நிலைகளில் மேல்பூச்சு நோயை மறைக்கும், தீர்க்காது. கட்டமைப்புப் பொறியாளரின் ஆய்வுக்குப் பிறகே கை வைக்க வேண்டும்.

பருவ ஒழுங்கு

தமிழகத்தின் பெரும்பகுதிக்கு முதன்மை மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. அம்மழையின்போது பள்ளங்களையும் கசிவுகளையும் குறித்துக்கொள்ளலாம். பொங்கலுக்குப் பிறகு மாடி காய்ந்ததும் இடுக்கு, விரிசல், மூலைப் பூச்சு வேலைகளை முடித்து, மார்ச்சில் சுண்ணாம்பு அடித்தால் கோடை முழுவதும் பயன் தரும். செப்டம்பரில் வடிகாலையும் உறிஞ்சு குழியையும் துப்புரவாக்க வேண்டும். ஆண்டுதோறும் சில விடுமுறை நாள்களில் முடிந்துவிடும் இவ்வேலைகள், தளத்தையே பெயர்க்க வேண்டிய பெருஞ்செலவைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடுகின்றன.