அத்துமீறியவர் யார்?

பிறர் உடைமையைக் கவர்ந்தவனைச் சட்டம் தண்டிக்கிறது. ஆனால், வாழ்ந்த வீட்டைவிட்டு வெளியேற மறுப்பவனும் அத்தகையவன்தானா? சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலைத் தோட்டமொன்றில் 1946இல் இக்கேள்வி எழுந்தது.

கிராம விஸ்தரிப்புக்காக நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு சுவீகரித்தது. அங்கிருந்த இந்தியத் தமிழ்த் தொழிலாளர்கள் லயன்களைவிட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர், மறுத்தனர். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. அக்குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறைவைக்கலாம். அவ்வாண்டு ஜூனில் அவர்களுக்கு ஆதரவாகத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. உருளவள்ளிப் போராட்டம் என்று மலையகத்தார் நினைவுகூர்வது இதனையே.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ‘செல்வநாயகம் எதிர் மன்னர்’ என்னும் 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பு, என் பார்வையில், மலையக வரலாற்றின் முக்கிய ஆவணங்களுள் ஒன்று. 427ஆம் பிரிவின் கீழ்க் குற்றவாளியாக்குவதற்கு, காணியை வைத்திருப்பவருக்குத் தொல்லை தருவதே முதன்மை நோக்கமாக இருந்திருக்க வேண்டும் என்றது அது. தன் இருப்பிடத்தில் தொடர்ந்து வாழ விரும்பியவரிடம் அந்நோக்கம் இல்லை. தண்டனை நீக்கப்பட்டது.

எனினும், லயன் அறை அவருக்குச் சொந்தமாகவில்லை. அதற்கு முன்பே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. அறையைவிட்டு நீங்காதவரைத் தண்டிக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. பிரஜாவுரிமையைப் பறித்தவர்களைத் தண்டிக்க எந்தப் பிரிவும் இருக்கவில்லை.