காட்டுக்கும் களஞ்சியத்துக்கும் இடையில் ஐந்து வாரங்கள்

மனிதன் வளர்க்கும் விலங்குகளின் வரலாற்றை எழுதுவோர் பூனைக்கு ஒதுக்கும் பக்கங்கள் மிகக் குறைவு. மாடு உழுதது, குதிரை போருக்குச் சென்றது, நாய் வேட்டைக்குத் துணைபோனது. பூனையோ எதையும் சுமக்கவில்லை, எவரது கட்டளைக்கும் பணியவில்லை. ஆயினும், தானியத்தைச் சேமித்து வைத்து உண்ணத் தொடங்கிய மனித குலத்தின் வரலாற்றில் அதற்கு ஓரிடம் உண்டு. அந்த இடத்தை அது எவ்வாறு பெற்றது என்பதையும், அதை ஒவ்வொரு தலைமுறையிலும் எவ்வாறு புதிதாகப் பெறவேண்டியிருக்கின்றது என்பதையும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகின்றேன்.

அண்மைக் கிழக்கில் மனிதர் ஊர்களாகக் கூடி வாழவும் தானியங்களைச் சேர்த்து வைக்கவும் தொடங்கியபோது, அழைக்காமலே வந்த முதல் விருந்தாளி வீட்டு எலியாகும். எலியைத் தேடி வந்தது காட்டுப் பூனை. மனிதரைக் கண்டு வெருண்டோடிய பூனைக்கு இரை கிட்டவில்லை. சற்றே அச்சம் குறைந்த பூனை குடியிருப்பின் ஓரத்தில் தங்கி உண்டது, குட்டிகளும் ஈன்றது. இவ்வாறு, எவரும் திட்டமிடாமலே அச்சம் குறைந்த பூனைகளின் வழி பெருகியது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்தாகும்.

இந்த உறவுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்று சைப்பிரஸ் தீவில் உள்ளது. ஷில்லூரோகம்போஸ் என்னும் இடத்தில் அகழ்வாய்வு நடத்திய பிரெஞ்சு ஆய்வாளர் ஷான் டெனி விஞ்ஞ் தலைமையிலான குழுவினர், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதப் புதைகுழியையும், அதிலிருந்து சுமார் 40 சென்ரிமீற்றர் தூரத்தில் எட்டு மாதப் பூனை ஒன்றின் முழு எலும்புக்கூட்டையும் கண்டெடுத்தனர். 2004ஆம் ஆண்டு சயன்ஸ் சஞ்சிகையில் இச்செய்தி வெளிவந்தது. சைப்பிரசுக்கெனச் சொந்தமான பூனையினம் கிடையாது. ஆகவே அந்தப் பூனையையோ அதன் முன்னோரையோ எவரோ படகில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டு வந்திருக்க வேண்டும். வெருண்டு கீறும் ஒரு முழு வளர்ச்சியடைந்த காட்டுப் பூனையை அக்காலப் படகில் ஏற்றிச் செல்வது எளிதான காரியமன்று. சிறு குட்டிகளாகப் பிடித்து, கைகளில் வைத்துப் பழக்கியே கொண்டு சென்றிருப்பர் என்று எண்ணத் தோன்றுகின்றது.

எகிப்தின் சான்று இதனினும் தெளிவானது. மேல் எகிப்தில் ஹியராகொன்போலிஸ் என்னும் ஊரின் பழைய இடுகாட்டில், கி.மு. 3700ஐ அண்டிய காலத்தைச் சேர்ந்த ஒரு குழியில் ஆறு பூனைகள் புதைக்கப்பட்டிருந்தன. ஒரு கடுவன், ஒரு பெட்டை, இரண்டு வெவ்வேறு ஈற்றுகளைச் சேர்ந்த நான்கு குட்டிகள். பார்வோன்கள் ஆட்சிக்கு வருவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே குட்டிகளைப் பிடித்து வைத்திருக்கும் வழக்கம் அங்கு இருந்திருக்கின்றது. கி.மு. 15ஆம் நூற்றாண்டை நெருங்கும்போது எகிப்தியக் கல்லறை ஓவியங்களில் பூனை வீட்டுத் தலைவியின் கதிரையின் கீழ் அமர்ந்திருக்கக் காண்கிறோம்.

பின்னர் அது தெய்வமாயிற்று. புபாஸ்டிஸ் நகரம் பாஸ்டெற் என்னும் பெண் தெய்வத்தின் தலமாக விளங்கியது. வீட்டுப் பூனை இறந்தால் அவ்வீட்டார் தம் புருவத்தை மழித்துத் துக்கம் காத்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடொற்றஸ் எழுதியுள்ளார். கி.மு. 60ஐ ஒட்டி எகிப்துக்குச் சென்ற டியோடோரஸ், பூனையொன்றைக் கொன்றுவிட்ட உரோமன் ஒருவனை மக்கள் கூட்டம் அடித்துக் கொன்றதைத் தாமே கண்டதாகப் பதிந்துள்ளார். அரசனின் அதிகாரிகள் வந்து தடுத்தும் பயனில்லை. ஆனால், இந்தப் பக்தியின் மறுபுறத்தையும் சொல்லவேண்டும். காணிக்கை செலுத்துவதற்கான பூனை மம்மிகளுக்காகவே பூனைகள் பெருந்தொகையாக வளர்க்கப்பட்டு, இளம் பருவத்திலேயே கழுத்து முறிக்கப்பட்டன என்பதை நூதனசாலைகளில் எடுக்கப்பட்ட எக்ஸ் கதிர்ப் படங்கள் காட்டிக்கொடுத்தன. 1890இல் இவ்வாறான மம்மிகள் சுமார் 1,80,000 கப்பலில் இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு வந்து, வயலுக்கு உரமாக ஏலத்தில் விற்கப்பட்டன.

எந்தப் பூனை நம் பூனை?

உலகெங்குமுள்ள வீட்டுப் பூனைகளின் மூதாதை யார் என்ற வினாவுக்கு 2007இல் விடை கிடைத்தது. கார்லோஸ் டிரிஸ்கொல் குழுவினர் 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டனர். ஐரோப்பியக் காட்டுப் பூனையோ சீனத்துப் பூனையோ அன்று. ஆபிரிக்க - அண்மைக் கிழக்குக் காட்டுப் பூனையே மூதாதை என்று அவர்கள் நிறுவினர். 2025 நவம்பரில் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த பண்டைய மரபணு ஆய்வு இன்னுமொரு திருத்தத்தைச் செய்தது. ஐரோப்பாவில் ஆதி விவசாயிகளோடு வந்து சேர்ந்த வீட்டுப் பூனைகள் எனக் கருதப்பட்டவை உண்மையில் காட்டுப் பூனைகளே என்றும், வீட்டுப் பூனை வட ஆபிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பாவை அடைந்தது என்றும் அது கூறுகின்றது.

சீனத்தின் கதை இன்னும் சிந்திக்கத் தக்கது. அங்கே சுமார் 5,400 ஆண்டுகளுக்கு முன்பிருந்து கி.பி. 150 வரையில் விவசாயக் குடியிருப்புகளில் எலி பிடித்துத் திரிந்தது சிறுத்தைப் பூனை என்னும் வேறோர் இனம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மனிதனின் அயலில் வாழ்ந்தும் அது வீட்டு விலங்காகவில்லை. மீண்டும் காட்டுக்கே போய்விட்டது. இன்றைய வீட்டுப் பூனையின் வழி, பட்டுப் பாதையினூடாக எட்டாம் நூற்றாண்டளவிலேயே சீனத்தை அடைந்தது. வெறும் அயல் வாழ்வு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். இலங்கைக் காடுகளில் சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துருப்புள்ளிப் பூனை என நான்கு பூனையினங்கள் உண்டு. இவற்றுள் எதுவும் வீட்டுப் பூனையின் மூதாதையன்று. ஆகவே நம் அடுப்படியில் சுருண்டு படுத்திருக்கும் பூனையின் முன்னோர் கடல் கடந்து வந்தவர்களே. தமிழ் மொழியோ காட்டுப் பூனைக்கு ‘வெருகு’ என்றும் வீட்டுப் பூனைக்குப் ‘பூசை’ என்றும் பழைய பெயர்களைப் பேணி வைத்திருக்கின்றது. வெருகின் இளமைப் பெயர் ‘குட்டி’ என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துச் சொல்கின்றது.

இரண்டு பூனைகள், இரண்டு முடிவுகள்

பழக்குவது என்பது இனத்தைப் பொறுத்ததா, வளர்ப்பைப் பொறுத்ததா? இருபதாம் நூற்றாண்டில் இரு இயற்கையாளர்கள் தம் வீட்டிலேயே இதற்கு விடை கண்டனர். இங்கிலாந்தின் பிரான்சிஸ் பிற் என்னும் அம்மையார் ஐரோப்பியக் காட்டுப் பூனைக் குட்டியொன்றை எடுத்து வளர்த்தார். எவ்வளவு அன்பு காட்டியும் அது சீறுவதையும் கீறுவதையும் விடவில்லை. அதற்குப் பிசாசுகளின் இளவரசி என்று பொருள்படும் பெயரையே அவர் சூட்ட நேர்ந்தது. அக்காலத்து ரொடீசியாவில், இன்றைய சிம்பாப்வேயில், ரே ஸ்மிதர்ஸ் என்பவர் ஆபிரிக்கக் காட்டுப் பூனைக் குட்டிகளை வளர்த்தார். அவை வீட்டாரின் கால்களை உரசிக்கொண்டு, வீட்டுப் பூனையை விஞ்சும் பாசத்துடன் நடந்துகொண்டன. மனிதனோடு உறவாடும் ஆற்றல் ஆபிரிக்க இனத்தின் குருதியிலேயே ஓரளவு இருந்திருக்கின்றது. ஆனால் அந்த ஆற்றல் வெளிப்படுவதற்கு, குட்டிப் பருவத்தில் ஒரு மனிதக் கை தேவைப்பட்டது.

அந்தக் கை எப்போது தேவைப்படுகின்றது என்பதை அளந்து காட்டியவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ரெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஐலீன் கார்ஷ். 1980களில் அவர் பூனைக் குட்டிகளைப் பிரித்து, சிலவற்றை மூன்றாம் வாரத்திலிருந்தும் சிலவற்றை ஏழாம் வாரத்திலிருந்தும் நாள்தோறும் மடியில் வைத்துத் தடவச் செய்தார். சில குட்டிகளைப் பதினான்கு வாரங்கள் வரை எவரும் தொடவில்லை. முடிவு வியப்பளித்தது. ஏழாம் வாரத்தில் தொடங்கியவை, தொடப்படாத குட்டிகளைப் போலவே நடந்துகொண்டன. இரண்டாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலமே மனிதனை உறவாக ஏற்கும் காலம் என அவர் முடிவு செய்தார். நாள்தோறும் 15 நிமிடம் தொடப்பட்டவற்றைவிட 40 நிமிடம் தொடப்பட்டவை மனிதரிடம் விரைந்து வந்தன. ஒருவரே பழக்கிய குட்டி அவரிடம் கூடுதலாக ஒட்டிக்கொண்டது. பலர் பழக்கிய குட்டி எந்த அந்நியரிடமும் போயிற்று.

நாய்க்குட்டிக்கு இந்தக் காலம் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை நீள்கின்றது. பூனைக்கோ ஐந்தே வாரங்கள். அதுவும் தாய் குட்டிகளை இடம் மாற்றி மாற்றி ஒளித்து வைக்கும் காலம்.

தந்தையின் பங்கும் உண்டு. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த சான்ட்ரா மக்கியூன், அச்சம் குறைந்த கடுவனின் குட்டிகள் தாமும் அச்சம் குறைந்தவையாக இருப்பதை 1995இல் வெளியிட்டார். கடுவன் தன் குட்டிகளை வளர்ப்பதில்லையாதலால், இது பார்த்துக் கற்றதன்று; பிறப்பிலேயே வந்தது.

இந்த ஆய்வுகளைப் படித்தபோது, நான் இளைஞனாகப் பணியாற்றிய அச்சகமொன்று நினைவுக்கு வந்தது. ஈய எழுத்துக் கோத்த காலம் அது. கடதாசி உருளைகளை அடுக்கிய அறையில் எலித் தொல்லை. கோதுமை மாப் பசையை எலிகள் விட்டுவைப்பதில்லை. அங்கே ஒரு பூனை குட்டி போட்டது. அச்சுக்கோப்பாளர் ஒருவர் இரவுப் பணியின் இடைவேளையில் குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டே தேநீர் அருந்துவார். அவை வளர்ந்து எங்கள் மேசைகளுக்கு நடுவே திரிந்தன. அதே பூனையின் அடுத்த ஈற்று கூரைத் தட்டின் மேல் பிறந்தது. மூன்று மாதங் கழித்துக் கீழே இறங்கிய அக்குட்டிகளை எவராலும் நெருங்க முடியவில்லை. ஒரே தாய், ஒரே கட்டடம். ஆனால் ஒன்று வீட்டுப் பூனை, மற்றது காட்டுப் பூனை. காரணம் அன்று எமக்குப் புரியவில்லை.

விவசாயியின் கணக்கு

இதைப் பழைய விவசாயச் சமூகங்கள் தம் வழியில் அறிந்தே வைத்திருந்தன. பத்தாம் நூற்றாண்டு வேல்ஸ் மன்னன் ஹவல் தாவின் பெயரால் வழங்கும் சட்டங்கள் பூனைக்கு விலை நிர்ணயித்தன. பிறந்த இரவு முதல் கண் திறக்கும் வரை ஒரு பென்னி. கண் திறந்தது முதல் எலி பிடிக்கும் வரை இரண்டு பென்னி. எலி பிடித்த பின் நான்கு பென்னி. அரச களஞ்சியத்தைக் காக்கும் பூனையைக் கொன்றவனோ திருடியவனோ செலுத்தவேண்டிய ஈடும் குறிக்கப்பட்டுள்ளது. பூனையின் தலை நிலத்தில் படும்படி வாலைப் பிடித்துத் தூக்கி, வால் நுனி மறையும் வரை கோதுமை மணியைக் கொட்டிக் கொடுக்கவேண்டும்! தானியத்தின் காவலுக்குத் தானியமே விலை.

பிற்காலத்தில் அரசாங்கங்களும் பூனைக்குச் சம்பளம் வழங்கின. 1868இல் இலண்டன் தபால் திணைக்களத்தின் காசுக்கட்டளை அலுவலகத்தில் எலி ஒழிப்புக்கென மூன்று பூனைகள் வாரம் ஒரு சிலிங் செலவில் அமர்த்தப்பட்டன.

பூனை உண்மையில் எவ்வளவு பயன்படுகின்றது? ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த சூழலியலாளர் சாள்ஸ் எல்ற்றன் இங்கிலாந்துப் பண்ணைகளில் இதை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். எலி மலிந்து கிடக்கும் பண்ணையைப் பூனையால் தூய்மையாக்க முடியாது. எலிகளை வேறு வழியில் ஒழித்த பின், மீண்டும் அவை குடியேறாமல் பூனையால் காக்க முடியும். ஆனால் அதற்குப் பூனை பண்ணையிலேயே தங்கவேண்டும். தங்குவதற்கு அதற்குப் பாலும் உணவும் கொடுக்கவேண்டும். பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்கும் என்ற நம்பிக்கை பிழையென்பது இதிலிருந்து தெளிவாகின்றது.

கை படாத பூனை

கை படாத பூனை என்னவாகும்? நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் வெளிச்சவீடு இயங்கத் தொடங்கியது. அங்கு கொண்டுவரப்பட்ட பூனைகள் காட்டுப் பூனைகளாகிப் பெருகின. பறக்கத் தெரியாத சிறு குருவியினம் ஒன்று அத்தீவில் எஞ்சியிருந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் அது உலகிலிருந்தே அற்றுப்போயிற்று. ஒரேயொரு பூனைதான் அந்த இனத்தை அழித்தது என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை சரியன்று; பல பூனைகளின் செயல் அது என்பதை 2004இல் ஆய்வாளர் காட்டினர். தீவின் பூனைகளைச் சுட்டு ஒழித்து முடிக்க 1925 வரை சென்றது. அவுஸ்திரேலிய அரசு 2015இல், ஐந்தாண்டுகளில் இருபது இலட்சம் காட்டுப் பூனைகளைக் கொல்லும் திட்டத்தை அறிவித்தது. கொண்டுவந்து விட்டவன் மனிதன், கொல்லப்படுவது பூனை.

இன்று பல நாடுகளில் வேறொரு வழி கைக்கொள்ளப்படுகின்றது. காட்டுத்தனமான தாயைப் பொறியில் பிடித்துக் கருத்தடை செய்து, அடையாளமாகக் காது நுனியை வெட்டி, பிடித்த இடத்திலேயே விடுகின்றனர். எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டிகளைப் பிரித்து ஒரு சிறிய அறையில் வைத்து, கையால் உணவூட்டி, நாள்தோறும் தடவிப் பழக்கி வீடுகளுக்குக் கொடுக்கின்றனர். பருவம் கடந்தவற்றைப் பண்ணைகளுக்கு அனுப்புகின்றனர். அங்கு இரண்டு மூன்று வாரங்கள் களஞ்சியத்துக்குள்ளேயே அடைத்து உணவளித்த பின்னரே திறந்து விடுகின்றனர். உடனே விட்டால் அவை ஓடிவிடும். அடைத்துப் பழக்கினால் அவ்விடத்தைத் தம் இடமாக ஏற்கும். மடியில் ஏறாவிட்டாலும் களஞ்சியத்தைக் காக்கும்.

ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த உறவு இன்னும் முடிந்துவிடவில்லை என்பதே என் கருத்து. ஆடும் மாடும் பிறக்கும்போதே பட்டிக்குரியவை. பூனைக்குட்டி அப்படியன்று, ஒவ்வொன்றும் சைப்பிரசுக்குப் படகேறிய அந்த முதற் குட்டியின் நிலையிலேயே பிறக்கின்றது. எந்தப் பக்கம் போவது என்பது ஐந்து வாரங்களுக்குள் தீர்மானமாகின்றது. ஆகவே வாசகர்களே, உங்கள் கோடிப்புறத்திலோ விறகுக் கொட்டிலிலோ பூனை குட்டி போட்டிருந்தால், அவை கண் திறக்கும் நாளைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து ஏழாம் வாரம் முடியும் வரை, வீட்டிலுள்ள சிறுவர் பெரியவர் இருவர் மூவராவது நாளுக்கு அரை மணி நேரம் அவற்றைக் கையில் எடுங்கள். பிறகு செய்யலாம் என்று விட்டுவைத்தால், அடுத்த மாதம் அவை உங்களைக் கண்டு ஓடும்.