எஞ்சியது எந்த வேகம்? யூஎஸ்பி வேகக் கண்டறிதலும் லினக்ஸ் கர்னலும்

1996 ஜனவரியில் யூஎஸ்பி 1.0 வெளிவந்தபோது, செருகிய சாதனம் எந்த வேகத்தில் பேசும் என்ற கேள்விக்கு ஒரு மின்தடையே பதில் சொல்லிவிட்டது. தரவுக் கம்பிகள் இரண்டில் டி மைனஸைச் சாதனம் 1.5 கிலோ ஓம் மின்தடை வழியே மேலே இழுத்துப் பிடித்தால் வேகம் நொடிக்கு 1.5 மெகாபிட், டி பிளஸை இழுத்தால் 12 மெகாபிட். ஹப் இதைக் கண்டு, போர்ட் நிலையைச் சொல்லும் 16 பிட்டுகளில் 9ஆம் பிட்டை ஏற்றி வைக்கும், அல்லது வெறுமனே விட்டுவிடும். ஏற்றியிருந்தால் குறைவேகம், இல்லாவிட்டால் முழுவேகம். முழுவேகத்துக்கெனத் தனி அடையாளம் கிடையாது. எஞ்சியதெல்லாம் முழுவேகம் என்ற இந்த ஏற்பாடு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. பின்னாளில் லினக்ஸ் கர்னலில் வேகக் கண்டறிதலைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டிவந்ததற்கு இந்த ஏற்பாடே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

2000 ஏப்ரலில் வந்த யூஎஸ்பி 2.0, 480 மெகாபிட் வேகத்தைக் கொண்டுவந்தது. அதிவேகச் சாதனமும் செருகியவுடன் முழுவேகச் சாதனம் போலவே டி பிளஸை இழுத்துக்கொண்டுதான் நிற்கும். போர்ட்டை ரீசெட் செய்யும்போதுதான் அது ‘சர்ப்’ என்ற சமிக்ஞையை அனுப்பும். ஹப் மாறிமாறி வரும் எதிர்ச் சமிக்ஞைகளால் பதில் தரும். அவற்றில் மூன்று இணைகளைக் கண்டதும் சாதனம் அதிவேகத்துக்குத் தாவும். ஆக, ரீசெட் முடியும்முன் கிடைக்கும் வேகத் தகவலை நம்ப முடியாது என்றாகிவிட்டது. ரீசெட்டுக்குப் பிறகே போர்ட் நிலையின் 10ஆம் பிட் அதிவேகத்தைக் காட்டும்.

இதைக் கர்னல் கையாண்ட விதத்தை, யூஎஸ்பி 2.0 கட்டுப்படுத்தியான இஹெச்சிஐயின் டிரைவரில் நெருங்கிப் பார்க்கலாம். இஹெச்சிஐ கட்டுப்படுத்திக்கு அதிவேகம் மட்டுமே தெரியும். பழைய வேகச் சாதனங்களைத் துணைக் கட்டுப்படுத்தியான யூஹெச்சிஐ அல்லது ஓஹெச்சிஐ வசம் அது ஒப்படைத்தாக வேண்டும். டிரைவர் முதலில் கம்பிகளின் நிலையைப் படிக்கிறது. குறைவேகம் என்று தெரிந்தால் ரீசெட் செய்யாமலே போர்ட்டின் உரிமையை மாற்றிவிடுகிறது. மற்றவற்றுக்கு ரீசெட் நடக்கிறது. ரீசெட் முடிந்தும் போர்ட் இயங்காமல் கிடந்தால் அது முழுவேகச் சாதனம் என்று முடிவுகட்டி அதையும் ஒப்படைக்கிறது. இங்கும் முழுவேகம் என்பது எஞ்சியதுதான். சில சிப்களில் துணைக் கட்டுப்படுத்தியே இருக்காது. பழைய வேகங்களையும் அவை தாமே கையாளும். அவற்றிலும் அதே விதியைப் பின்பற்றினால் இல்லாத துணைக் கட்டுப்படுத்தியிடம் போர்ட் போய்ச் சேரும், சாதனம் காணாமல் போகும். அதனால் அவற்றுக்கு டிரைவர் தனி வழி வைத்திருக்கிறது. யூஹெச்சிஐ, ஓஹெச்சிஐ டிரைவர்களுக்கு முன்பே இஹெச்சிஐ டிரைவர் ஏற வேண்டும் என்று கர்னல் எச்சரிப்பதும் இந்த ஒப்படைப்பு முறை குலையாமல் இருக்கத்தான்.

வேகத்தைத் தவறாக எடுத்துக்கொண்டால் விளைவு என்ன? தகவல் வந்திருக்கிறதா என்று எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்பதைச் சாதனம் ஓர் எண்ணால் தெரிவிக்கிறது. அந்த எண் 10 என்று வைத்துக்கொள்வோம். முழுவேகத்தில் அதன் பொருள் 10 மில்லிநொடி. அதிவேகத்தில் அதே எண் அடுக்காகிவிடும்: 2இன் 9ஆம் அடுக்கை 125 மைக்ரோநொடியால் பெருக்க வேண்டும், அதாவது 64 மில்லிநொடி. எண் மாறவில்லை, வேகம் மாறியதால் பொருள் மாறிவிட்டது. கட்டளைப் பொட்டலத்தின் அளவுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அது அதிவேகத்தில் 64 பைட், அடுத்து வந்த 5 கிகாபிட் வேகமான சூப்பர்ஸ்பீடில் 512 பைட். வேகம் தெரியாமல் சாதனத்தோடு முதல் வார்த்தைகூடச் சரியாகப் பேச முடியாது.

2008 நவம்பரில் வந்த யூஎஸ்பி 3.0 பழைய பிட்டுகளின் பொருளையே மாற்றியது. 2.0 ஹப்பில் குறைவேகத்தைக் குறித்த 9ஆம் பிட், 3.0 ஹப்பில் போர்ட்டுக்கு மின்சாரம் இருக்கிறது என்று சொல்கிறது. 10 முதல் 12 வரையான பிட்டுகள் வேகத்துக்கு ஒதுக்கப்பட்டன. அங்கே பூஜ்யம் என்றால் 5 கிகாபிட். பழைய கண்ணோடு படித்தால், மின்சாரம் உள்ள ஒவ்வொரு 3.0 போர்ட்டும் குறைவேகமாகத் தெரியும். எனவே எந்த வகை ஹப் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கர்னல் பிட்டுகளைத் தொடுகிறது. 3.0 ஆதரவு லினக்ஸில் 2009இல் 2.6.31 பதிப்போடு வந்தது. அதற்கான எக்ஸ்ஹெச்சிஐ கட்டுப்படுத்தி முழுவேகத்துக்கு 1, குறைவேகத்துக்கு 2 என்று எண் தருகிறது. கர்னலின் சொந்தப் பட்டியலிலோ குறைவேகம் 1, முழுவேகம் 2. அப்படியே நகலெடுத்தால் இரண்டும் இடம் மாறிவிடும்.

2013இல் வந்த யூஎஸ்பி 3.1, 10 கிகாபிட்டைக் கொடுத்தது. ஆனால் பழைய வேகப் பிட்டுகளில் அதுவும் பூஜ்யமாகவே தெரிந்தது. எஞ்சியது என்ற பழைய பழக்கம் இங்கே மறுபடியும் இடறியது. நிலைத் தகவலை 4 பைட்டிலிருந்து 8 பைட்டாக நீட்டி, அதில் வரும் அடையாள எண்ணை ஹப் தரும் வேகப் பட்டியலில் தேடும் முறையை 2016இல் லினக்ஸ் 4.6 பதிப்பு சேர்த்துக்கொண்டது. கூடவே, ‘சூப்பர்ஸ்பீடுக்குச் சமமா’ என்று கேட்ட சோதனைகள் ‘சூப்பர்ஸ்பீடு அல்லது அதற்கு மேலா’ என்று மாற வேண்டியிருந்தது. ரீசெட்டில் வேகம் மாறினால் பிழை என்ற பழைய விதிக்கும் ஒரு விலக்கு வந்தது: சூப்பர்ஸ்பீடிலிருந்து மேலே போனால் தவறில்லை. ஒரே வரியில் அடங்கும் திருத்தம்தான். ஆனால் வேகம் என்பது சாதனத்தோடு பிறந்த மாறாத குணம் என்ற எண்ணத்தை அது கைவிடுகிறது. அந்த வகையில் இந்த வரலாற்றில் மிக முக்கியமான திருத்தமாக நான் இதையே கருதுகிறேன்.

2017இல் வந்த யூஎஸ்பி 3.2 இரட்டைப் பாதைகளைச் சேர்த்தது. 10 கிகாபிட்டை இப்போது ஒரே பாதையில் 10 ஆகவும் எட்டலாம், இரு பாதைகளில் ஐந்தைந்தாகவும் எட்டலாம். கர்னல் பயனருக்குக் காட்டும் வேகக் கோப்பில் இரண்டும் 10000 என்றே பதிவாகின்றன. எத்தனை பாதைகள் என்பதை அறிய, லினக்ஸ் 4.18 பதிப்பில் சேர்ந்த பாதை எண்ணிக்கைக் கோப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.