ஒட்டுப் புத்தகம்

ஒட்டுப் புத்தகம் என்பது படங்கள், செய்தித்தாள் நறுக்குகள், பயணச்சீட்டுகள், காய்ந்த இலைகள், கையால் வரைந்த ஓவியங்கள் முதலியவற்றை வெற்றுத் தாள்களில் ஒட்டி, வேண்டிய இடங்களில் குறிப்புகளும் எழுதி உருவாக்கப்படும் தொகுப்பு ஏடு ஆகும். பள்ளி மாணவரிடையே இது ஸ்கிராப் புக் என்ற ஆங்கிலப் பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறது. இது ஒரு பொழுதுபோக்கு. குடும்ப நினைவுகளைப் பேணும் ஒரு வழி. சிறுவரின் ஆக்கத்திறனை அதிகச் செலவின்றி வீட்டிலேயே வளர்க்க உதவும் ஒரு செயற்பாடும் ஆகும்.

வரலாறு

அச்சு நூல்கள் அரிதாகவும் விலை மிகுந்தும் இருந்த காலத்தில், ஐரோப்பாவில் கற்றோர் தாம் படித்தவற்றுள் சிறந்த பகுதிகளை ஓர் ஏட்டில் படியெடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. ஒட்டுப் புத்தகத்தின் முன்னோடியாக இவ்வேடுகள் கருதப்படுகின்றன. 19 ஆம் நூற்றாண்டில் வண்ணக் கல்லச்சு முறை பரவியபோது பல நிறப் படங்கள் மலிவாகக் கிடைக்கலாயின. பூக்கள், விலங்குகள், தேவதைகள் முதலிய உருவங்கள் செருமனியில் பெருமளவில் அச்சிடப்பட்டு, விளிம்பு வெட்டப்பட்ட நிலையில் விற்கப்பட்டன. சிறுவர்கள் இவற்றைச் சேகரித்து ஏடுகளில் ஒட்டினர்.

டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் (1805–1875) காகிதத்தை வெட்டி உருவங்கள் செய்வதிலும் வல்லவர். இவர் தம் நண்பர் வீட்டுக் குழந்தைகளுக்காகப் படங்களும் காகித உருவங்களும் ஒட்டிய புத்தகங்களைத் தயாரித்து அளித்தார். அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெய்ன் 1873 இல், பசை முன்கூட்டியே தடவப்பட்ட தாள்களைக் கொண்ட ஒட்டுப் புத்தகத்துக்குக் காப்புரிமை பெற்றார். தாளை ஈரப்படுத்தினாலே படம் ஒட்டிக்கொள்ளும் என்பது இதன் சிறப்பு.

தமிழ்ச் சூழலில்

தமிழ் வாசகரிடையே இதற்கு நெருக்கமான ஒரு வழக்கம் உண்டு. வார இதழ்களில் வெளிவந்த தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்தபின் பைண்டு செய்து வைப்பர். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த பொன்னியின் செல்வன் இவ்வாறு பல வீடுகளில் மணியத்தின் ஓவியங்களுடன் பேணப்பட்டது. சிறுவர்கள் தபால்தலை, தீப்பெட்டிப் படம், மிட்டாய்த் தாள் ஆகியவற்றைச் சேர்த்து நோட்டுப் புத்தகங்களில் ஒட்டுவதும் பரவலாக இருந்தது.

சிறுவர் ஓவியமும் ஆக்கத்திறனும்

ஒட்டுப் புத்தகத்தில் சிறுவரின் சொந்த ஓவியத்துக்கு முக்கிய இடம் உண்டு. வியன்னாவில் 1897 இல் சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கிய பிரான்ஸ் சிசெக் (1865–1946), பெரியவர்களின் படங்களைப் பார்த்து வரையச் செய்யாமல் சிறுவர் தம் விருப்பப்படி வரைய இடமளித்தார். குழந்தையின் ஓவியம் குறையுள்ள பெரியவர் ஓவியம் அன்று, தனக்கென ஓர் இயல்புடையது என்ற கருத்து பரவுவதற்கு இவர் பணி பெரிதும் உதவியது.

விக்டர் லோவன்பெல்ட் 1947 இல் வெளியிட்ட நூலில் ஓவிய வளர்ச்சியைப் பல கட்டங்களாகப் பிரித்தார். அவற்றுள் முதல் மூன்று பின்வருமாறு:

- கிறுக்கல் கட்டம் (ஏறத்தாழ 2–4 வயது): கையசைவின் இன்பமே முதன்மையானது. பின்னர் குழந்தை தன் கிறுக்கலுக்குப் பெயர் சூட்டத் தொடங்கும்.
- முன்வடிவக் கட்டம் (4–7 வயது): தலையிலிருந்தே கால்கள் புறப்படும் மனித உருவங்கள் தோன்றும்.
- வடிவக் கட்டம் (7–9 வயது): தாளின் அடியில் தரைக்கோடு இட்டு அதன்மேல் பொருள்கள் வரிசையாக வரையப்படும்.

இவ்வயதெல்லைகள் குழந்தைக்குக் குழந்தை மாறுபடும். ஆகவே, நான்கு வயதுக் குழந்தை உடலில்லாத மனிதனை வரைவது பிழையன்று. அதைத் திருத்துவதைவிட, படத்தில் என்ன நிகழ்கிறது என்று கேட்டு, குழந்தை சொல்வதை அதன் அருகில் எழுதி வைப்பது பயனுடையது. முன்வரைந்த உருவங்களுக்கு நிறம் தீட்டும் புத்தகங்கள் குழந்தையின் சொந்தக் கற்பனையைக் கட்டுப்படுத்துகின்றன என்பதும் லோவன்பெல்டின் கருத்தாகும்.

பரிசும் ஆர்வமும்

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர் 1973 இல் வெளியிட்ட ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வரைந்தால் சான்றிதழ் தரப்படும் என்று ஒரு குழுவுக்கு முன்னரே கூறப்பட்டது. இரண்டாம் குழு சான்றிதழை எதிர்பாராமல் பெற்றது. மூன்றாம் குழுவுக்கு எதுவும் தரப்படவில்லை. சில நாட்களுக்குப் பின் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழுக்களினதில் ஏறத்தாழ பாதியாகவே இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பரிசு தருவதாகச் சொல்லி ஊக்குவிப்பது எதிர்மாறான பயனைத் தரக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

வீட்டில் தயாரிக்கும் முறை

ஒருபுறம் அச்சான தாள்கள், பழைய நாட்காட்டிகள், திருமண அழைப்பிதழ்கள், துணித் துண்டுகள் ஆகியவை போதுமானவை. தாள்களின் ஓரத்தில் துளையிட்டு நூலால் கட்டினால், பொருள்கள் ஒட்டிப் பருமன் கூடும்போது கட்டைத் தளர்த்திக்கொள்ளலாம். இலைகளைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்துப் பளு ஏற்றி, ஈரம் போகும் வரை தாள்களை மாற்றி உலர்த்திய பின்னரே ஒட்ட வேண்டும். இல்லையேல் அவை பூஞ்சை பிடிக்கும்.

மைதா மாவை நீரில் கரைத்துக் காய்ச்சிப் பசை செய்யலாம். பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நச்சுப் பொருள் ஆதலால் சிறுவர் கையாளும் பசையில் சேர்க்கக் கூடாது. சிறு குழந்தைகளுக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோலே ஏற்றது.

எழுதுபொருள் கடைகளில் தலைவர்கள், பழங்கள், வாகனங்கள் முதலிய படங்கள் ஒரே தாளில் அச்சிட்டு விற்கப்படுகின்றன. பள்ளிச் செயல்திட்டங்களுக்காக இவற்றை வாங்கிப் பெற்றோரே வெட்டி ஒட்டித் தருவதும் உண்டு. அவ்வாறு செய்யும்போது புத்தகம் அழகாக அமையலாம். ஆனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதன் அருகே எதை ஒட்டுவது என்று முடிவெடுக்கும் வாய்ப்பு குழந்தைக்குக் கிட்டாமல் போகிறது. ஒட்டுப் புத்தகத்தின் பயன் அம்முடிவுகளிலேயே தங்கியுள்ளது.

பாதுகாத்தல்

செய்தித்தாளில் உள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியாலும் காற்றாலும் மாற்றமடைவதால் தாள் மஞ்சளாகி நொறுங்குகிறது. அதில் உருவாகும் அமிலம் அருகிலுள்ள தாளையும் கறைப்படுத்தும். எனவே முக்கியமான நறுக்குகளை நல்ல தாளில் நகலெடுத்து ஒட்டுவது நன்று. செலோடேப்பின் பசை நாளடைவில் பழுப்பேறிப் படத்தில் ஊறும். மாவுப் பசை இராமபாணப் பூச்சிகளை ஈர்க்கும் ஆதலால், புத்தகத்தை ஈரமற்ற இடத்தில் வைத்து அவ்வப்போது புரட்டிப் பார்க்க வேண்டும். ஒளிப்படங்களுக்கு அமிலமற்ற தாளே சிறந்தது.

வாழ்க்கைக் கதைப் புத்தகம்

பெற்றோரைப் பிரிந்து காப்பகங்களிலோ வளர்ப்புக் குடும்பங்களிலோ வாழும் குழந்தைகளுக்கு ஒட்டுப் புத்தகம் பொழுதுபோக்கினும் மேலானது. ஒரு வீட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் குழந்தை, பிறந்த இடம், முன்பு வாழ்ந்த வீடு, உடனிருந்தோர் பற்றிய செய்திகளை எளிதில் இழந்துவிடுகிறது. சேர்ந்து வாழும் குடும்பத்தில் பெரியவர் வாய்மொழியாகச் சொல்லும் செய்திகளை இக்குழந்தைக்குச் சொல்ல ஆளில்லை. இதற்காக, இங்கிலாந்தில் தத்துக்கொடுக்கப்படும் குழந்தைகளுக்கு ஒளிப்படங்கள், ஓவியங்கள், எளிய விளக்கங்கள் அடங்கிய வாழ்க்கைக் கதைப் புத்தகம் தயாரித்து வழங்கும் நடைமுறை உள்ளது. குழந்தை ஏன் பிரிக்கப்பட்டது என்பதையும் வயதுக்கேற்ற சொற்களில் உண்மையாகக் கூறுவது இதன் நோக்கங்களுள் ஒன்று.

இவற்றையும் பார்க்கவும்

- ஓவியம்
- ஒட்டோவியம்
- தபால்தலை சேகரிப்பு