சபித்த மன்னனும் சிதைந்த வீரனும்

அநீதிக்கு ஆளானவனின் சினம் அவன் இறந்த பின்னும் அடங்காது, நாட்டையே அலைக்கழிக்கும் என்ற நம்பிக்கை ஜப்பானில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றி நிற்பது. அத்தகைய ஆவியை 'ஒன்ரியோ' என்பர். அவதூறுக்கு இரையாகி 901இல் தலைநகரினின்றும் தஸைஃபுவுக்கு அகற்றப்பட்டு, 903இல் அங்கேயே மறைந்த அமைச்சரும் கவிஞருமான சுகவாரா நோ மிச்சிஸானே இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டவர். 930இல் அரண்மனையில் இடி விழுந்து சிலர் மாண்டபோது, அதை அவருடைய சினம் என்றே அரசவை அஞ்சியது. பின்னாளில் அவரே கல்விக் கடவுளாகக் கோயில் கொண்டார்.

இம்மரபின் ஆழத்தைக் காட்டுவது பேரரசர் சுதோக்குவின் கதை. 1123இல் குழந்தைப் பருவத்திலேயே அரியணை ஏறிய இவர், தந்தையின் வற்புறுத்தலால் இளமையிலேயே அதைத் துறந்தார். கவிதையில் தோய்ந்தவர், 'ஷிக்கா வக்காஷூ' என்னும் தொகை நூல் இவருடைய ஆணையால் தொகுக்கப்பட்டது. 1156இல் நிகழ்ந்த ஹோகன் கிளர்ச்சியில் தோல்வியுற்றுச் சனுக்கி நாட்டுக்கு நாடு கடத்தப்பட்ட அவர், 1164இல் அங்கேயே உயிர் நீத்தார். சிறையிருப்பில் தம் கையால் படியெடுத்த புத்த சூத்திரங்களைத் தலைநகருக்கு அனுப்பினார் என்றும், அரசவை அவற்றை ஏற்க மறுத்துத் திருப்பியனுப்பியது என்றும், அவர் நாவைக் கடித்து வழிந்த குருதியால் சாபம் எழுதினார் என்றும் பழங்கதை கூறும். கவிதை எழுதிய கை சாபம் எழுதிய கையாயிற்று.

துறவியும் கவிஞருமான சைக்யோ அம்மன்னரின் கல்லறையை நாடிச் சென்றவர். அந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டு உவேதா அக்கினாரி 1776இல் வெளிவந்த தம் 'உகெட்சு மொனோகதாரி'யில் ஒரு கதை படைத்தார். இரவில் மன்னரின் ஆவி தோன்றுகிறது. நாட்டில் நேர்ந்த போர்களெல்லாம் தன் செயலே எனப் பெருமிதம் கொள்கிறது. சைக்யோ அதற்கு அஞ்சி ஓடவுமில்லை. இழைக்கப்பட்ட அநீதியை எண்ணி அதன் பழியுணர்ச்சிக்கு இசையவுமில்லை. அறம் கூறி வாதிடுகிறார். இறுதியில் ஒரு பாடலால் அதன் முகத்தைச் சற்றே தணிவிக்கிறார். மன்னர் மறைந்து எழுநூறு ஆண்டுகளுக்குப் பின், 1868இல் மெய்ஜி அரசு அவருடைய ஆவியைக் கியோத்தோவுக்கு வரவழைத்து ஷிராமினே ஆலயத்தில் நிறுவியது.

இப்பழைய நாடகம் ஹாஜிமே இசயாமாவின் 'அட்டாக் ஆன் டைட்டன்' என்னும் ஓவியத்தொடரில் புதிய உருவில் எழக் காணலாம். 2009 முதல் 2021 வரை 139 அத்தியாயங்களாக வெளிவந்த அத்தொடர், 2013 முதல் 2023 வரை அனிமே வடிவிலும் வந்தது. ஆசிரியர் மலைகள் சூழ்ந்த ஹித்தாப் பகுதியில் பிறந்தவர். கதை மாந்தரும் மதில்களுக்குள் அடைபட்டு வாழ்பவரே. எரென் யேகர் என்னும் சிறுவன் தன் கண்ணெதிரே தாயை ஓர் அரக்கன் விழுங்கக் கண்டு, அரக்கர் குலத்தையே அழிப்பேன் எனச் சூளுரைக்கிறான். அவன் பக்கம் நில்லாத நெஞ்சம் இராது.

பின்னர் உண்மை வெளிப்படுகிறது. அரக்கர்கள் உருமாற்றப்பட்ட மனிதர்களே. அதிலும் அவனுடைய இனத்தவரே. மதிலுக்கு அப்பால் வெறுமையான பரந்த உலகமில்லை. தன் இனத்தை வெறுக்கும் மாந்தர் நிறைந்த நாடுகள் உள்ளன. கனவு கண்ட கடலை அடைந்த நாளில் தோழர்கள் மகிழ, அவன் மட்டும் அக்கரையில் பகைவரைக் காண்கிறான். இறுதியில் மதில்களுக்குள் உறங்கிய பேரரக்கர்களை எழுப்பி உலகை மிதிக்க விடுகிறான். மாந்தரில் நூற்றுக்கு எண்பதின்மர் மடிகின்றனர். அயல்நாட்டில் தான் ஒருகால் காப்பாற்றிய சிறுவனும் தன்னால் மடிவான் என்பதை முன்னரே அறிந்து, அவன் முன் அழுது மன்னிப்புக் கேட்கும் காட்சி இவ்வீழ்ச்சியின் உச்சம். உலகில் மனிதர் இருப்பதே தனக்கு ஏமாற்றமாயிற்று என்று அவன் அங்கே ஒப்புக்கொள்கிறான். இனத்தைக் காத்தல் என்ற காரணத்துக்கு அடியில் வேறொன்றும் ஒளிந்திருந்தது அப்போதுதான் புலனாகிறது. விடுதலை என்ற சொல் அவன் வாயில் மெல்லமெல்லப் பிறரின்மை என்ற பொருள் கொண்டுவிட்டது.

அவனுடைய கழுத்தை வெட்டுபவள் அவனை நேசித்த மிக்காசா. ஆயினும் கவிஞர் கருத்தூன்ற வேண்டிய இடம் தோழன் ஆர்மினோடு அவன் நிகழ்த்தும் கடைசி உரையாடலாகும். 2021இல் அச்சில் வந்த வடிவில், தங்களுக்காகக் கொலைபாதகனானமைக்கு ஆர்மின் அவனுக்கு நன்றி கூறுகிறான். அந்நன்றி வாசகரிடையே கடும் எதிர்ப்பை எழுப்பியது. 2023இல் வந்த அனிமே முடிவில் அவ்வுரையாடல் மாறியது. வெளியுலகைப் பற்றிய நூலைக் காட்டி அக்கனவை ஊட்டியவன் தானே என்று ஆர்மின் கூறி, பழியில் பங்கேற்று, நரகத்திலும் உடனிருப்பதாகச் சொல்கிறான்.

நன்றிக்கும் பங்கேற்புக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. முன்னது கொடுமைக்குப் பரிசளிப்பது. பின்னது கொடுமையைக் கொடுமை என்று சொல்லிக்கொண்டே கொடியவனைக் கைவிடாதிருப்பது. சைக்யோ கல்லறையருகே நின்ற நிலை இத்தகையதே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. சைக்யோ வெளியிலிருந்து வந்த சான்றோர். ஆர்மினோ, கனவுக்கு வித்திட்டவன். மறைத்து வைத்திருந்த அந்நூலில் கடலும் நெருப்பாறும் பனிநிலமும் மணற்பரப்பும் இருந்தன, மனிதர் இல்லை. ஒரு சிறுவனின் நெஞ்சில் பதிந்தது அவ்வெறுமையின் அழகே.

சுதோக்குவுக்கு ஆலயம் எழுந்தது. எரெனுக்கோ ஒரு மரத்தடிக் கல்லறையே வாய்த்தது. இறுதித் தொகுதியில் சேர்க்கப்பட்ட பக்கங்களில் அவன் காக்க விரும்பிய நகரும் பின்னாளில் போரில் அழிகிறது. அழகிய சொற்களைப் படைத்து இளையோர் கையில் கொடுப்பவர், அச்சொற்களில் பிற மனிதருக்கும் இடமிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தல் தகும்.