எஃகுக்கு வயதாகுமா?

700 ஆண்டு பழைய வாள் ஒன்று இன்று எப்படி இருக்கும்னு கேட்டால், பலர் "பலம் குறைஞ்சு போயிருக்கும்" என்றுதான் சொல்வீங்க. மனிதருக்கு வயதாகிறது, மரத்துக்கும் வயதாகிறது. எஃகு மட்டும் விதிவிலக்கா? ஜப்பானிய வாள்களின் வரலாற்றைப் பார்ப்போம்.

காமகுரா காலம் (1185–1333) ஜப்பானிய வாள் கலையின் பொற்காலம். புகழ்பெற்ற கொல்லர் மசமுனே இக்காலத்தவர். வாளின் முதுகில் தடிப்பாகவும் வெட்டும் விளிம்பில் மெல்லியதாகவும் களிமண் பூசி, செந்தணலில் காய்ச்சி, தண்ணீரில் அமிழ்த்துவார்கள். விளிம்பு சட்டென்று குளிரும்போது கரிம அணுக்கள் இரும்பு அணுக்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும். கடினம் பிறப்பது இதனால்தான்.

சிக்கிய கரிமம் காலப்போக்கில் வெளியேறிவிடாதா? நல்ல கேள்வி! அணு நகர வெப்பம் வேண்டும். அறை வெப்பத்தில், முதல் சில நாட்களில் அவை மிகச் சிறிதளவே நகரும். அதன்பின் நூற்றாண்டுகள் ஓடினாலும் கடினத்தில் சொல்லத்தக்க குறைவு ஏற்படாது. ஆனால், ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால் கடினம் குறையத் தொடங்கிவிடும்.

அப்படியானால் பழைய வாள்கள் எப்படி அழிந்தன? மூன்று காரணங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, துரு. ஈரக்காற்று பட்டாலே போதும். அதனால்தான் பழைய எண்ணெயைத் துடைத்துப் புது எண்ணெய் பூசிக் காத்தார்கள். துருவை நீக்கத் தீட்டும் ஒவ்வொரு முறையும் வாள் கொஞ்சம் தேயும்.

இரண்டாவது, தீ. 1615இல் ஒசாகா கோட்டை எரிந்தபோது பல அரிய வாள்கள் கடினத்தை இழந்தன. யசுத்சுகு என்ற கொல்லர் அவற்றுள் சிலவற்றை மீண்டும் காய்ச்சித் தோய்த்தார். நூற்றாண்டுகள் செய்யாததை ஒரே தீ செய்துவிட்டது!

மூன்றாவது, அரசாணை. 1876இல் பொது இடங்களில் வாள் அணியத் தடை வந்தது. கொல்லர்கள் பிழைப்பை இழந்தனர். 1945இல் ஜப்பான் சரணடைந்தபின் வாள்களை ஒப்படைக்க உத்தரவு வந்தது, பல அழிக்கப்பட்டன. மசமுனே செய்த 'ஹோன்ஜோ மசமுனே' வாளும் அப்போது ஒப்படைக்கப்பட்டது. இன்றுவரை அது கிடைக்கவில்லை.

தேர்வுக் கட்டுரையில் "காலப்போக்கில் அழிந்தது" என்று எழுதி நகர்ந்துவிடாதீங்க. காலம் ஒரு காரணமன்று. காரணங்கள் செயல்படும் வெளி மட்டுமே. அழித்தது எது, யார், எந்த ஆண்டில் என்று எழுதுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. வரலாறும் அங்கேதான் இருக்கிறது.

பயிற்சி: உங்கள் பாடநூலில் "காலப்போக்கில்" என்ற சொல் வரும் ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து, உண்மைக் காரணத்தோடு மாற்றி எழுதுக.