இன்டெல் எதை விட்டது?

ஒரு கம்பெனி என்னெல்லாம் செஞ்சு ஜெயிச்சதுன்னு நிறைய கதை கேட்டிருப்போம். இன்னைக்கு, எதை விட்டதால ஜெயிச்சதுன்னு ஒரு கதை.

1968-ல ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் இன்டெல்லை ஆரம்பிச்சது மெமரி சிப் செய்யத்தான். 1970-ல வந்த 1103 என்ற டிராம் சிப், அதுவரை கம்ப்யூட்டர்ல இருந்த காந்த வளைய மெமரியை ஓரங்கட்டிடுச்சு. அடுத்த வருஷமே 4004 மைக்ரோபிராசஸர் வந்தது. ஆனா இன்டெல்காரங்க மனசுல, தாங்க ஒரு மெமரி கம்பெனிதான்.

80-கள்ல ஜப்பான் கம்பெனிகள் உள்ளே வந்தாங்க. தரமும் அதிகம், விலையும் கம்மி. இன்டெல்லோட பணம் கரைய ஆரம்பிச்சது. என்ன செய்யலாம்னு கிட்டத்தட்ட ஒரு வருஷம் மீட்டிங் மேல மீட்டிங்.

1985 நடுவுல ஒரு நாள், பிரசிடென்ட் ஆண்டி க்ரோவ், சிஇஓ மூர்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். நம்ம ரெண்டு பேரையும் தூக்கிட்டு புதுசா ஒருத்தரை உட்கார வெச்சா, அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுடுவார்னு மூர் தயங்காம சொன்னார். அப்போ அதை நாமளே ஏன் செய்யக்கூடாதுன்னார் க்ரோவ்.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் வேற. அதுக்குள்ள இன்டெல்லோட 8 பாக்டரியில 1 மட்டும்தான் மெமரி செஞ்சுட்டு இருந்தது! எந்த சிப்ல லாபம் அதிகமோ அதுக்கு முதல் இடம்னு ஒரு விதி இருந்ததால, நடுமட்ட மேனேஜர்கள் சத்தமில்லாம உற்பத்தியை மாத்திட்டாங்க. கடைசியா மாறினது மேல இருந்தவங்க மனசுதான்.

இதுக்கு விலையும் பெருசு. பாக்டரிகள் மூடினாங்க, ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை போச்சு, 1986-ல கம்பெனிக்கு நஷ்டம். ஆனா 1985 அக்டோபர்ல வந்த 386 பிராசஸர் மேல முழு கவனம் போச்சு. அதுலயும் ஒரு 'மாட்டோம்' இருக்கு: முன்ன மாதிரி மத்த கம்பெனிகளுக்கு அதைத் தயாரிக்க லைசென்ஸ் தரலை. 1992-ல உலகத்துலேயே பெரிய செமிகண்டக்டர் கம்பெனி இன்டெல்தான்.

இங்கேயே முடிச்சா கதை அழகா இருக்கும். ஆனா இதே இன்டெல், ஐபோன் வெளிவர்றதுக்கு முன்னாடி, அதுக்கு சிப் செய்யக் கேட்டப்பவும் 'வேண்டாம்'னு சொன்னது. ஆப்பிள் தர்றதா சொன்ன விலை கட்டுப்படியாகாதுன்னு கணக்கு சொல்லுச்சு. அந்தக் கணக்கே தப்புன்னு, அப்போ சிஇஓவா இருந்த பால் ஒட்டெலினி 2013-ல வருத்தத்தோட ஒத்துக்கிட்டார்.

ரெண்டுமே 'வேண்டாம்'தான். என்ன வித்தியாசம்? முதல் 'வேண்டாம்', ஆளையும் பாக்டரியையும் அடுத்த வேலைக்கு விடுவிச்சது. ரெண்டாவது எதையும் விடுவிக்கலை. இருக்கிற லாபத்தை மட்டும் காப்பாத்துச்சு.

அதனால நீங்க அடுத்த முறை ஒரு ப்ராஜெக்ட்டுக்கு 'நோ' சொல்றப்போ, இதையும் கேட்டுப் பாருங்க: இதை விட்டா என் கையில எது காலியாகுது? அதை எங்கே வைக்கப் போறேன்?

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!